நாலாம் நம்பர் வில்லை

ஒரு பொருளின் மேல் பார்ப்பதற்கு எதுவுமே இல்லை என்று ஆகும்வரை அதைத் தேய்ப்பதுதான் கண்ணாடி அக்காவின் வேலை. ஒரு பொறியியல் கல்லூரியின் உலோக ஆய்வுக்கூடத்தில், கோடியில் இருந்த சின்ன அறை அவளுடையது. அந்த அறையின் கதவு பாதிதான் திறக்கும். யாரோ கதவுக்குப் பின்னால் ஒரு பீரோவை வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். பீரோவை நகர்த்த யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி மூன்று துறைத்தலைவர்களைக் கண்டுவிட்டது. பீரோ அசையவில்லை.

அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. அந்தக் கல்லூரியில் இருபத்தாறு வருட சர்வீஸ். முதல் பதினைந்து வருடம் வேதியியல் கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவினாள். பிறகு உலோகக் கூடத்துக்குப் புது நுண்ணோக்கி வந்தபோது, கை சுத்தமானவள் என்று அவளை இங்கே மாற்றினார்கள். இங்கே இரும்பைக் கண்ணாடி மாதிரி பளபளக்கச் செய்தாள். அந்தப் பட்டப்பெயர் குழாய்களால் வந்ததா, இரும்பால் வந்ததா என்று கல்லூரியில் இரண்டு கட்சி உண்டு. அவள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

வேலை என்னவென்றால், கட்டைவிரல் நுனி அளவு உலோகத் துண்டைக் கறுப்புப் பொடியில் புதைத்து, சூட்டில் அழுத்தி, மருந்துக் குப்பி மூடி அளவில் ஒரு வில்லையாக்க வேண்டும். பிறகு உப்புத்தாள். முதலில் சொரசொரப்பானது, அப்புறம் மெல்லியது, அப்புறம் அதனினும் மெல்லியது. ஒவ்வொரு தாளுக்கும் வில்லையைக் கால்வட்டம் திருப்பிப் பிடித்துத் தேய்க்க வேண்டும். முந்தைய தாள் போட்ட கோடுகள் முழுக்க மறைந்தால்தான் அடுத்த தாள். கடைசியில் சுழலும் ஈரத்துணி. முகம் பார்க்கிற பளபளப்பு வந்ததும், நீர்த்த அமிலத்தில் எட்டு விநாடி. ஒன்பதானால் கருகிவிடும். அமிலம் லேசாக அரித்த அந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தால், உலோகம் தன் உள்ளே எப்படி இருக்கிறதோ அதைக் காட்டும்.

அப்படி ஆறு வில்லைகள், ஒரு மரப்பெட்டியில், ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர் போட்டு இருந்தன. எது எந்த உலோகம் என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. அக்காவுக்கு அந்தப் பட்டியலின் பெயர்கள் வாயில் நுழைவதில்லை. அவளிடம் சொந்தமாக ஒரு பட்டியல் இருந்தது. ஒன்றாம் நம்பர், தண்ணீர் வற்றி வெடித்த குளம். இரண்டாவது, கைரேகை. மூன்றாவது, கோடு போட்ட சதுரம். நான்காவது, மிளகு. ஐந்தாவது, புழு. ஆறாவது, ஊசி. கோடு விழுந்ததா என்று பார்க்க வாரம் ஒருமுறை ஆறையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பாள். கோடு இல்லை என்றால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். உள்ளே இருப்பது என்ன என்பது பேராசிரியர்கள் பாடு. அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மாணவர்கள் வருடம் தவறாமல் வந்தார்கள். பொருளறிவியல் அறிமுகம் என்பது எல்லோருக்கும் கட்டாயப் பாடம். "ஒரு பொருளின் குணம் அதன் உள்ளமைப்பில் இருக்கிறது" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் அதை எழுதி, அடிக்கோடும் போட்டுக்கொள்வார்கள். பிறகு ஆய்வுக்கூடத்துக்கு வந்து, நுண்ணோக்கியின் முன் குனிந்து, கண்ணை வைத்து, நிமிர்ந்து, மேசைக்குப் போய், அண்ணன்மாரிடம் இரவல் வாங்கிய பழைய நோட்டைப் பார்த்துப் படம் வரைவார்கள். அந்த அண்ணன்மார் தங்கள் அண்ணன்மாரைப் பார்த்து வரைந்தவர்கள். நடுவில் ஒரு புண்ணியவான் நான்காம் படத்தில் ஒரு மைத்துளியைச் சிந்திவிட்டான். அதையும் சேர்த்தே எல்லோரும் வரைந்தார்கள். மூன்றாம் வருடம் ஒரு பெண் அந்த மைத்துளிக்கு அம்புக்குறி போட்டு 'மாசு' என்று பெயரும் எழுதினாள். அதற்கு அரை மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்தது. அன்றிலிருந்து மாசு பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

இந்த ஒழுங்கான குடும்பத்தில் கல்லெறிந்தவர் உலைக்காரர்.

உலைக்காரர் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக உலை முன்னால் நிற்பவர். வயது முப்பத்தெட்டு. வேலைக்குப் போய்க்கொண்டே பகுதி நேரமாகப் படிக்க வந்திருந்தார். கூடப் படித்த பொடிசுகள் அவரை மாமா என்று கூப்பிட்டார்கள். அவரும் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. வில்லைகளைப் பார்த்து வரைகிற வாரம் தொழிற்சாலையில் இரட்டை ஷிப்ட். அதனால் அவர் அந்த வகுப்புக்கு வரவில்லை. அண்ணன்மார் நோட்டை இரவல் கேட்க அவருக்கு அண்ணன்மாரும் இல்லை. அவரைவிடப் பெரியவர் அந்தக் கல்லூரியில் வாத்தியார்கள்தான்.

செய்முறைத் தேர்வில் அவருக்கு வந்தது நாலாம் நம்பர். கண்ணை வைத்தார். பார்த்ததை வரைந்தார். பார்த்ததற்கு என்ன பெயரோ அதை எழுதினார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், தேர்வுக்காகச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்த பட்டியலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பத்துக்குச் சுழி போட்டார். பக்கத்தில் சிவப்பு மையில், 'உற்று நோக்கி வரையவும்' என்றும் எழுதினார். உலைக்காரருக்கு மொத்தம் முப்பத்துநான்கு. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும்.

முடிவு வந்த மறுநாள் மதியம் அவர் பாதி திறந்த கதவுக்குள் ஒருக்களித்து நுழைந்தார்.

"அக்கா, நாலாம் நம்பரை இன்னொரு தடவை பாக்கலாமா?"

அக்கா டிபன் பாக்ஸை மூடிவிட்டு வில்லையை எடுத்து வைத்தாள். அவர் வெகு நேரம் பார்த்தார். இடது கண்ணை மூடி, வலது கண்ணை மூடி, மறுபடி இடது.

"உருண்டை உருண்டையா இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"மிளகு," என்றாள் அக்கா. "அது எப்பவும் மிளகுதான்."

"அஞ்சாம் நம்பர்?"

"புழு."

உலைக்காரர் சுவரில் இருந்த பட்டியலைப் படித்தார். நான்கு: சாம்பல் வார்ப்பிரும்பு. ஐந்து: உருண்டைக் கரி வார்ப்பிரும்பு. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்.

"அக்கா, ரெண்டுலயும் ஒரே இரும்பு. ஒரே அளவு கரி. பென்சில்ல எழுதுமே, அந்தக் கரிதான். சும்மா ஊத்தி ஆறவிட்டா அது செதில் செதிலா படியும். அதான் உங்க புழு. அதுக்குப் பேரு சாம்பல் இரும்பு. சுத்தியால ஒரு போடு போட்டா அந்தச் செதில் வழியாவே விரிசல் ஓடி, பட்டுனு போயிடும். ஊத்தறதுக்கு முன்னாடி துளி மெக்னீசியம் போட்டோம்னா கரி சுருண்டு உருண்டை ஆயிடும். அதான் உங்க மிளகு. விரிசல் வந்து உருண்டையில முட்டி நின்னுடும். இரும்பு வளையும், உடையாது. நான் பதினாறு வருஷமா இது ரெண்டையும்தான் ஊத்திக்கிட்டிருக்கேன். நாலுல இருக்க வேண்டியது புழு. அஞ்சுல இருக்க வேண்டியது மிளகு. மாறிக் கெடக்கு."

அக்கா எழுந்தாள். பீரோவைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்தாள். அறையும் நுண்ணோக்கியும் அவள் கைக்கு வந்த முதல் மாதம், பதினொரு வருடத்துக்கு முந்தைய பக்கம். அவள் கையெழுத்தேதான். 'இரண்டு இரும்புத் தண்டு வந்தது. அறுத்து வில்லை ஆக்கியது. அறுக்கும்போது தண்ணீர் பட்டுப் பெயர்ச் சீட்டு நனைந்துவிட்டது. நம்பர் போட்டது நான்.' பக்கத்தில் அன்றைய விரிவுரையாளர், இன்றைய துறைத்தலைவர், சுருக்கொப்பம் வைத்திருந்தார்.

இரண்டு தண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். நனைந்த சீட்டை எப்படிப் படித்தாள், எதை எதனோடு சேர்த்தாள் என்று அவளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. பதினொரு வருடமாக, வருடத்துக்கு நூற்றிருபது பேர், மிளகுக்குள் கண்ணை விட்டுவிட்டுப் புழுவை வரைந்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண். மிளகை மிளகாகப் பார்த்தவர் ஒருவர். அவருக்குச் சுழி.

"அடுத்த தடவை எழுதினா பாஸ் பண்ணிடுவீங்க தம்பி," என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு மட்டமான பேச்சு என்று அவளுக்கே பட்டது.

"எழுதலாம்க்கா. ஆனா கம்பெனியில தர ஆய்வு மேசைக்கு ஆள் எடுக்கறாங்க. பதினஞ்சாம் தேதி சாயந்திரம் லிஸ்ட் மூடிடும். இந்தப் பேப்பர் பாஸ் ஆனாத்தான் என் பேரு வரும்." இடது கண்ணைக் கசக்கிக்கொண்டார். "உலையப் பாத்துப் பாத்துக் கண்ணுல திரை விழ ஆரம்பிச்சிருக்கு. இடது கண்ணு ஓரத்துல பனி மாதிரி. டாக்டர் நெருப்ப விட்டுத் தள்ளி நில்லுங்கன்னுட்டாரு. தள்ளி நின்னா ஊத்த முடியாது."

வீட்டில் அக்கா இதைக் கணவரிடம் சொன்னாள். அவர் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிறவர். கால் இரண்டையும் வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார்.

"இதுல என்ன இருக்கு? பூட்டின வீடுன்னா நாங்க போன மாச ரீடிங்கப் பாத்து உத்தேசமா ஒண்ணு போடுவோம். ஒரு வீடு ஏழு வருஷமா பூட்டியே கெடந்துச்சு. மாசாமாசம் தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் யாரோ போய்த் தெறந்து பாத்தா, மீட்டரே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, புது மீட்டர் வெச்சாங்க. நீயும் சத்தம் போடாம நம்பரை மாத்திப் போட்டுடு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு இரு."

நர்ஸ் படிப்புப் படிக்கிற மகள் துணி மடித்துக்கொண்டே, "அப்பா சொல்றது சரிம்மா," என்றாள். அந்த வீட்டில் அப்பாவும் மகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம்.

அக்காவும் அதைத்தான் நினைத்துப் பார்த்திருந்தாள். நம்பரைச் சுரண்டிவிட்டு மாற்றிப் போட ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் மாற்றிய அந்த நிமிடமே நாலாம் நம்பர் புழுவாகிவிடும். உலைக்காரர் வரைந்த மிளகு நிஜமாகவே தப்பாகிவிடும். அப்புறம் அவர் தலைகீழாக நின்றாலும் யாரும் நம்பப்போவதில்லை. தப்பைத் திருத்துகிற வேலையே சாட்சியை அழிக்கிற வேலையாக வந்து நின்றது.

மறுநாள் காலை துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னாள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அவருக்கு இடுப்பில் சாவிக்கொத்து. அந்தச் சத்தம் நடைவழியில் வந்த பிறகு அரை நிமிடம் கழித்து அவர் அக்காவின் அறைக்கு வந்தார். கெட்டவர் இல்லை. பன்னிரண்டு குழுக்களில் உறுப்பினர், அவ்வளவுதான்.

"நாலுல செதில் இல்லைங்கறியா? ஏம்மா, சாம்பல் இரும்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா பாடம் நடத்தறேன்."

"ஒரு தடவை பாத்துடுங்க சார்."

வில்லையை நுண்ணோக்கியில் வைத்தாள். விளக்கின் சுவிட்ச் மேசைக்கு அடியில் இருக்கும், எட்டித்தான் போட வேண்டும். அவள் குனிவதற்குள் துறைத்தலைவர் குனிந்துவிட்டார். கண்ணை வைத்தார். திருகை இப்படி ஒரு சுற்று, அப்படி அரைச் சுற்று. நல்ல கைப்பழக்கம். ஒரு நிமிடம் கரைந்தது.

"செதில்தான்," என்றார். "தெளிவா இருக்கே. நீளம் நீளமா, நல்ல டிஸ்ட்ரிபியூஷன்."

அக்கா சுவிட்சில் விரலை வைத்தபடி குனிந்தே இருந்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அது போய், சொல்ல முடியாத ஒரு வருத்தம் வந்தது. பதினொரு வருடமாக ஒவ்வொரு கோட்டையும் அழித்து, எட்டு விநாடி எண்ணி, இந்த மனிதருக்காகவா கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தோம் என்று இருந்தது.

"சார், லைட் இன்னும் போடலை," என்றாள். சத்தமில்லாமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அறையில் வேறு யாரும் இல்லை என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

சுவிட்சைப் போட்டாள். துறைத்தலைவர் உடனே கண்ணை வைக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்வில்லையைத் துடைத்தார். பிறகு பார்த்தார். அப்புறம் தானாகவே ஐந்தாம் நம்பரை வாங்கி வைத்துப் பார்த்தார். மறுபடி நான்கு. அவள் பதிவேட்டை நீட்டினாள். அதைப் படித்தார்.

"இதை நான் பாத்ததே இல்லையே."

"கையெழுத்து உங்களுதுதான் சார்."

"கதவைச் சாத்து," என்றார். அந்தக் கதவு பாதி திறந்தே இருப்பது. மீதிப் பாதியைச் சாத்தினாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது அவருக்கு. அடுத்த மாதம் கல்லூரியைத் தரம் பார்க்க வெளியிலிருந்து குழு வருகிறது. ஆயிரத்து முந்நூறு பேர் பார்க்காமல் வரைந்தார்கள், வாத்தியார்கள் பார்க்காமல் திருத்தினார்கள் என்று ஒரு கோப்பு கிளம்பினால் துறையையே இழுத்து மூட வேண்டியதுதான். அதையே உதவியாளரின் கவனக்குறைவு என்று எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அதை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ எழுதிக் கொடுத்தா அந்த ஆள் பேப்பரைத் திருத்திடலாம். ஆனா எழுதிக் கொடுத்தவங்களை அந்த இடத்துல வெச்சிருக்கக் கூடாதுன்னு ரூல். தபால் பிரிவுல ஒரு எடம் காலியா இருக்கு. சம்பளம் கொறையாது."

"இந்த ரூம்?"

"வேற ஆள் போடுவாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று அக்கா வந்துவிட்டாள். அவளுக்கு அந்த அறை எவ்வளவு பிடிக்கும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பதினைந்து வருடம் பிறர் அழுக்காக்கிய குழாய்களைக் கழுவியவளுக்கு முதன்முதலாக, தானே ஒன்றைச் செய்து முடித்து நிமிர்ந்து பார்க்கிற வேலை அங்கேதான் கிடைத்தது. வெடித்த குளத்தையும் கைரேகையையும் பார்க்கிறபோது, ஊரில் யாருக்கும் தெரியாத ஓர் இடத்துக்குப் போய் வந்த மாதிரி இருக்கும்.

விஷயம் எப்படியோ உலைக்காரர் காதுக்குப் போய்விட்டது. ஷிப்ட் முடிந்த கையோடு, வேலைச் சட்டையிலேயே வந்து நின்றார்.

"அக்கா, எழுதிக் கொடுக்காதீங்க. நான் அடுத்த வருஷம் எழுதிக்கறேன். இன்னும் ஒரு வருஷம் உலை முன்னாடி நின்னா செத்தா போயிடுவேன்."

"கண்ணு?"

"வலது கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அக்கா வில்லையைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"தம்பி, நீங்க எனக்காகப் பாவம் பாக்காதீங்க. நம்பர் மாறினது என்னாலதான். அது பொய்யில்லையே. மத்தவங்க பாக்காம விட்டது அவங்க தப்பு. அதை அவங்க எழுதட்டும், எழுதாம போகட்டும். என் தப்பை நான் எழுதறேன். நீங்க பாத்ததைத்தானே வரைஞ்சீங்க. அதுக்கு எதுக்கு ஒரு கண்ணைக் கொடுக்கணும்?"

உலைக்காரர் ஒருக்களித்து வெளியே போனார். அவர் முதுகு குலுங்கியது. இருமல் என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

அவள் எழுதிக் கொடுத்தாள். துறைத்தலைவர் சொன்ன வாசகத்தையே எழுதினாள், ஒரு சொல் கூட்டவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அவளுடைய கடிதமும் உலைக்காரரின் விடைத்தாளும் ஒரே உறையில் தேர்வுப் பிரிவுக்குப் போக வேண்டும். "என் கடுதாசி முன்னாடி போய், அவர் பேப்பர் மேசையில தங்கிடக் கூடாது சார்," என்றாள். துறைத்தலைவர் அவள் கண் முன்னாலேயே உறையை ஒட்டினார்.

தேர்வுப் பிரிவு இரண்டு வாரம் ஆராய்ந்தது. தவறான விடைக்குத் தந்த மதிப்பெண்ணைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்று கண்டுபிடித்தது. ஆக, மிளகைப் பார்த்துப் புழு வரைந்த எல்லோரும் தேர்ச்சி. மிளகு வரைந்தவரும் தேர்ச்சி, நாற்பத்துநான்கு. மைத்துளிக்குக் கொடுத்த அரை மதிப்பெண்ணைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

அக்கா வில்லைகளுக்குச் சரியான நம்பரைப் போட்டு, ஆறையும் ஒருமுறை தேய்த்துப் பளபளப்பாக்கி, பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தாள். அன்று பேருந்தில் வீடு வரும் வழியெல்லாம் அழுதாள். பக்கத்து இருக்கைக்காரி ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தாள்.

தபால் பிரிவு என்பது ஒரு நீள மேசை, ஒரு கோந்துப் புட்டி, ஒரு ரப்பர் முத்திரை. உறையில் போடு, ஒட்டு, முத்திரை குத்து, கூடையில் போடு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, அங்கே ஏற்கெனவே இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டே அந்த வேலையைச் செய்தார், பல நாள் தூங்கியும் செய்தார். அக்கா ஒவ்வொரு காகிதத்தையும் படித்துவிட்டுத்தான் உறையில் போட்டாள். அதனால் அந்தப் பிரிவின் வேகம் பாதியாகிவிட்டது என்று முதல் வாரமே புகார் போயிற்று.

பதினைந்தாம் தேதி காலை பதினோரு மணிக்கு ஒரு கட்டு மதிப்பெண் சான்றிதழ் வந்தது. நடுவில் உலைக்காரருடையது இருந்தது. தொழிற்சாலை முகவரிக்கு அனுப்ப வேண்டியது. பெயர், பதிவெண், பாடம், நாற்பத்துநான்கு என்று எல்லாவற்றையும் விரலை வைத்துப் படித்தாள். எல்லாம் சரி. கூடை மறுநாள் காலைதான் கிளம்பும். தொழிற்சாலைக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆகும்.

அரை நாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டு, உறையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிப் போனாள். வார்ப்படத் தொழிற்சாலையின் வாசலிலேயே சூடு முகத்தில் அடித்தது. ஆயிரம் முறை இரும்பைத் தேய்த்தவள் அது தண்ணீராக ஓடுவதை அன்றைக்குத்தான் தூரத்திலிருந்து பார்த்தாள். நேராகப் பார்க்க முடியவில்லை. கண்ணைத் திருப்பிக்கொண்டாள். இதைப் பதினாறு வருடம் ஒருவர் திருப்பாமல் பார்த்திருக்கிறார் என்று நினைத்தபோது மனசுக்கு என்னவோ போலிருந்தது.

பணியாளர் அதிகாரியின் அறையில் மணி நான்கே கால். வாசலிலிருந்து சொல்லியனுப்பியதில் உலைக்காரரும் கரிக்கையைத் துடைத்தபடி ஓடி வந்து கதவோரம் நின்றார். அதிகாரி தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டே உறையை வாங்கினார். பிரிக்கவில்லை. மேசையோரம் இருந்த காகிதக் குவியலின் மேல் வைத்தார். அவர் முன்னால் பட்டியல் தட்டச்சாகி, கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. ஏழு பேர். அக்கா தலைகீழாகவே படித்துவிட்டாள். உலைக்காரர் பெயர் இல்லை.

பேசி முடித்த அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சார், அந்தக் கவர்," என்றாள் அக்கா.

"ஃபைல்ல சேத்துடுவோம்மா. நீங்க போகலாம்."

"லிஸ்ட்டுல இவர் பேரு இல்லையே."

"இவர் ஃபெயில். போன மாசமே ரிசல்ட் வந்தாச்சு. எனக்குத் தெரியும்."

"இப்ப வந்திருக்கிறதைப் பாருங்க சார்."

"தெரியும்னு சொல்றேன்ல."

கதவோரத்தில் உலைக்காரர், "பரவாயில்லைக்கா, வாங்க போலாம்," என்றார். அவருக்குப் பதினாறு வருடப் பழக்கம்.

அக்கா போகவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் மேலதிகாரி ஒருவர் எதிரில் உட்கார்ந்ததில்லை. அங்கே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குவியலின் மேலிருந்து உறையை எடுத்தாள். தானே பிரித்தாள். சான்றிதழைப் பட்டியலின் மேல், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மறைத்து வைத்தாள்.

"இதை நீங்க படிக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன் சார்," என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. கோடு அழியும்வரை தேய்ப்பவளுக்கு அவசரம் கிடையாது.

அதிகாரி அவளைப் பார்த்தார். உலைக்காரரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாமல் போகவே, காகிதத்தைப் பார்த்தார். முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை படித்தார். ஒரு இடத்தில் பழைய முடிவுத்தாளை எடுத்து ஒப்பிட்டார். பிறகு தட்டச்சான ஏழு பெயர்களுக்குக் கீழே எட்டாவதாக ஒரு பெயரைக் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடப் போனார்.

"எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க சார்," என்றாள் அக்கா.

அவர் படித்துக் காட்டினார்.